பெரியப்பா நன்னிலத்தில் சுயேச்சையாக நிற்கிறார். கோயில், மதுக்கடை, கடன் பற்றிப் பேசி எப்படி ஓட்டுக் கேட்பது?

பூந்தோட்டம் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். என் பெரியப்பா வரும் சட்டமன்றத் தேர்தலில் நன்னிலம் தொகுதியில் சுயேச்சையாக நிற்பதென்று முடிவு செய்துவிட்டார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரளம், பூந்தோட்டம், கொல்லுமாங்குடி பக்கம் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். குடவாசல், வலங்கைமான் பக்கம் அவரை யாருக்கும் தெரியாது.

ஊரில் அவரைப் பழமைவாதி என்பார்கள். அவரும் மறுக்க மாட்டார். இருப்பதைக் காப்பாற்றிவிட்டு அப்புறம் புதியதைக் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் பேச்சு. கோயில் நிலத்தின் வருமானம் கோயிலுக்கு வந்து சேர வேண்டும், பூட்டிக் கிடக்கிற சின்னக் கோயில்களில் ஒரு கால பூஜையாவது நடக்க வேண்டும் என்கிறார். மதுக்கடையை மூட வேண்டும். அரசு கடன் வாங்கி இலவசம் கொடுக்கக் கூடாது. நெல் விளைகிற நிலத்தில் மனைக்கல் நடக் கூடாது. வாய்க்காலையும் குளத்தையும் அந்தந்த ஊர் மக்களே குடிமராமத்தாகத் தூர்வாரும் வழக்கம் திரும்ப வர வேண்டும். பிள்ளைகளோடு இருக்க முடியாத பெரியவர்களை அக்கம்பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் அவர் தேர்தலுக்காகக் கண்டுபிடித்தவை இல்லை. நான் சிறு பையனாக இருந்தபோதே திண்ணையில் இதைத்தான் பேசிக்கொண்டிருப்பார்.

ஓட்டுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எங்களிடமும் பணம் கிடையாது. அவருடைய பழைய மாணவர்கள் சிலர் வேலை பார்க்க வந்திருக்கிறார்கள். அவர்களில் இளையவர்கள், ‘கோயில் நிலத்தை மீட்போம்’ என்பதைத்தான் நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. கோயிலைப் பற்றி மேடையில் பேசினால் சட்டச் சிக்கல் வருமா என்ற பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

முடிகொண்டான் கரை:

தம்பி, முதலில் காகித வேலை. சுயேச்சைக்கு இந்தத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரர்களுக்கு ஒருவர் போதும். பாகம் எண், வரிசை எண் பிழையாக இருந்தால் பரிசீலனையில் மனு போய்விடும். அதனால் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.  வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். 1,80,000 வாக்கு பதிவானால் 30,000 தாண்ட வேண்டும். அந்தப் பத்தாயிரத்தை இன்றே மறந்துவிடுவது நல்லது.

மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும். எல்லாச் செலவும் அதில் இருந்துதான். 2022 முதல் உச்சவரம்பு 40 லட்சம். உங்களுக்கு அது பொருட்டில்லை, ஆனால் கணக்குப் புத்தகம் பொருட்டு. பிரசாரக் காலத்தில் செலவுப் பார்வையாளர் கூப்பிடும்போதெல்லாம் காட்ட வேண்டும், முடிவு வந்து 30 நாளில் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் மூன்று ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாதபடி தகுதியிழப்பு வரலாம். தோற்ற சுயேச்சைகள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். நோட்டீசில் அச்சகத்தின் பெயர், வெளியிடுகிறவர் பெயர் இரண்டும் கட்டாயம்.

கோயில் விஷயம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவின்படி, மதம், சாதி, மொழியைச் சொல்லி ஓட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை. 2017 ஜனவரி 2-ஆம் தேதி ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் மதத்தை மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று பெரும்பான்மைத் தீர்ப்புச் சொன்னது. ஜெயித்தாலும் தேர்தலே செல்லாமல் போய்விடும். கோயில் நிலக் குத்தகை சரியாக வசூலாகிறதா, அறநிலையத் துறை என்ன செய்கிறது என்று பேசுவது நிர்வாகம் பற்றிய பேச்சு, தாராளமாகப் பேசலாம். நம் சாமியைக் கும்பிடுகிறவருக்குப் போடுங்கள் என்று ஒரு வாக்கியம் வந்தால் அங்கேயே சிக்கல். கோயில் வளாகத்துக்குள் நோட்டீஸ் கொடுப்பது, சன்னிதியில் கூட்டம் போடுவது எல்லாம் கூடவே கூடாது. தேர்தல் பங்குனி, சித்திரையில் வந்தால் வலங்கைமான் பாடைக்காவடி மாதிரி திருவிழாக்கள் குறுக்கே வரும். பெரியப்பா பக்தராகப் போய்க் கும்பிட்டுவிட்டு வரட்டும், கூட வருகிறவர்கள் கொடியையும் துண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்.

---

குடவாசல் பூத் ஏஜென்ட்:

நான் எழுபதுகளில் இருந்து இந்தப் பக்கத் தேர்தல்களைப் பார்க்கிறவன். பெரிய கட்சிக்கும் வேலை பார்த்திருக்கிறேன், சுயேச்சைக்கும் பார்த்திருக்கிறேன். உங்கள் பெரியப்பா சொல்வதில் பெரும்பாலானவை எனக்கு உடன்பாடு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஓர் ஆள் நின்றால் சந்தோஷப்படுகிறவன் நான்.

நோட்டீஸ் வாசகத்தில் உங்களுக்கு வந்த சந்தேகம் சரியானது. காரணத்தைச் சொல்கிறேன்.

நம் டெல்டாவில் கோயில் நிலம் என்பது எங்கோ வேலி போட்டுக் கிடக்கிற நிலம் இல்லை. தமிழ்நாடு முழுக்க அறநிலையத் துறைக் கோயில்களுக்கு 4.78 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதில் நம் பக்கத்துப் பங்கு பெரியது, திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மடங்களின் நிலமும் இங்கேதான் பரந்து கிடக்கிறது. ஒரு கிராமத்தில் வயலும் கோயிலுடையது, வீடு நிற்கிற அடிமனையும் கோயிலுடையது, களமும் கோயிலுடையது என்று இருக்கும். அந்த ஊரில் போய் ‘கோயில் நிலத்தை மீட்போம்’ என்றால், கேட்கிறவர் காதில் ‘உன் வீட்டைக் காலி செய்’ என்றுதான் விழும். உங்கள் பையன்கள் மனதில் அது இல்லை என்று எனக்குத் தெரியும். வாசலில் நிற்கிறவருக்கு அது தெரியாதே.

யாரிடமிருந்து மீட்பது என்று கேட்டுப் பாருங்கள். மூன்று தலைமுறையாக உழுது, விளைந்த வருஷத்தில் குத்தகை நெல்லை அளந்துவிட்டு, 2016-17 மாதிரி தண்ணீர் வராத வருஷத்தில் பாக்கி விழுந்து வருவாய் நீதிமன்றத்துக்கு நடக்கிற ஆள் ஒரு வகை. தன் பெயரில் குத்தகையை வைத்துக்கொண்டு உள்குத்தகைக்கு விட்டு, கோயிலுக்குப் பத்தில் ஒரு பங்கும் கட்டாமல் நகரத்தில் இருக்கிற ஆள் இன்னொரு வகை. கோயிலுக்கு வர வேண்டிய பணத்தில் பெரிய ஓட்டை இரண்டாவது வகையில்தான். முதல் வகை ஆள்தான் கார்த்திகைக்குக் கோயிலில் விளக்கு வைக்கிறவன், தேருக்கு வடம் பிடிக்கிறவன். அவனைப் பயமுறுத்திவிட்டு எந்தக் கோயிலைக் காப்பாற்றப் போகிறோம்? பழையதைக் காப்பதென்றால் கோயிலோடு அதைச் சுற்றி இருக்கிற குடியையும் சேர்த்துத்தான் காக்க வேண்டும். பெரியப்பாவுக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இது பழைய கீழத்தஞ்சை. பண்ணையாள் முறை இருந்த மண், 1968 டிசம்பர் 25-இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிந்த மண். நன்னிலமும் வலங்கைமானும் 2008 மறுவரையறை வரை பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதிகள். இங்கே ஒரு பெரியவர் மேடையேறி ‘பழைய ஒழுங்கு திரும்ப வேண்டும்’ என்றால், பாதி ஊர் எந்தப் பழைய ஒழுங்கு என்று கேட்கும். கேட்பது நியாயம். அதற்குப் பெரியப்பா பதிலோடு போக வேண்டும்.

பதில் அவருடைய வழியிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பழமைவாதி என்றால் முதலில் நினைவுக்கு வருகிறவர் ராஜாஜி. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, கூட்டுப்பண்ணையை எதிர்த்து, அரசாங்கம் எல்லாவற்றிலும் கைவைக்கக் கூடாது என்று பேசியவர். அந்தக் கட்சி 1962-இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 6 இடம், 1967-இல் தி.மு.க. கூட்டணியில் 20 இடம் பிடித்தது. ஆனால் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கான அவசரச் சட்டம் 1952-இல் வந்தது அதே ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோதுதான். நினைத்தபோது ஆளை வெளியேற்ற முடியாது என்று மிராசுதார்களிடம் சொன்ன சட்டம் அது. பெரியப்பா இதை எடுத்துச் சொல்லலாம். 1971-இல் மதுவிலக்கை எடுக்க வேண்டாம் என்று அன்றைய முதலமைச்சர் கருணாநிதியை வீடு தேடிப் போய்க் கேட்டுக்கொண்டவரும் அவர்தான், அதையும் சொல்லலாம். அதே ராஜாஜி 1953-இல் கொண்டு வந்த கல்வித் திட்டத்துக்குக் குலக்கல்வி என்று பெயர் விழுந்து, அடுத்த ஆண்டே பதவியை விட்டுப் போக நேர்ந்தது. பரம்பரைத் தொழில், குலவழக்கம் என்ற பேச்சு வாயில் வரவே கூடாது. தலைமையாசிரியராக இருந்தவர், எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் படிக்க வைத்தேன் என்று சொல்லட்டும். அது உண்மையும் கூட, இல்லையா?

இனி வேலை முறை. வேட்புமனு வாபஸ் வாங்கும் கடைசி நாளில்தான் சுயேச்சைக்குச் சின்னம் கிடைக்கும். அதிலிருந்து சுமார் இரண்டு வாரம்தான். மூன்று விருப்பம் எழுதிக் கொடுக்கலாம். பட்டியலில் இருந்து, பார்த்தவுடன் பாட்டிகளும் பெயர் சொல்லக்கூடிய பொருளாக எடுங்கள். வாக்கு எந்திரத்தில் 2015-இல் இருந்து வேட்பாளர் படமும் இருக்கிறது. சுயேச்சைகள் வரிசையில் கீழேதான் வருவார்கள். பழைய மாணவர்கள் ‘நம்ம சார்’ என்று முகத்தைத் தேடி அழுத்த வேண்டும். அதனால் நோட்டீசில் பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தைப் போடாதீர்கள். மனுவில் கொடுக்கிற அதே படம்.

ஏப்ரலில் தேர்தல் என்றால் சம்பா, தாளடி அறுவடை முடிந்து, உளுந்து பயறும் எடுத்திருப்பார்கள். நம் பக்கம் கோடையில் பருத்தி. காலை ஏழரைக்கு மேல் பெண்கள் பருத்திக் கொல்லையிலும் நூறு நாள் வேலையிலும் இருப்பார்கள், தெருவில் மைக் கட்டிப் பேசினால் நாய்தான் கேட்கும். விடிந்ததும் ஆறு மணியில் இருந்து டீக்கடை, பால் சொசைட்டி. பதினோரு மணிக்கு வேலை நடக்கிற வாய்க்கால் கரைக்கே போங்கள், வேலையைக் கெடுக்காமல் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வாருங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் தெருத்தெருவாக. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொகுதியில் யாரும் ஓட்டுக் கேட்க முடியாது. 17 சதவீத ஈரப்பத வரம்பு, மழையில் நனைகிற மூட்டை, மூட்டைக்கு வாங்குகிற கூடுதல் பணம். ஊர் நிர்வாகம் ஊர்க் கையில் என்று பெரியப்பா சொல்கிறார் அல்லவா? அப்படியானால், கொள்முதல் நிலையத்தில் அந்த ஊர் விவசாயிகள் சிலர் உட்கார்ந்து எடையைச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்கட்டும். குடிமராமத்துப் பேச்சு அப்போதுதான் வயல்காரனுக்குப் புரியும்.

பணம் கொடுக்காமல் நிற்பது பற்றிப் பயப்படாதீர்கள். 2016-இல் தஞ்சாவூர்த் தொகுதியில் பணப் பட்டுவாடாவால் தேர்தலையே நிறுத்தி நவம்பரில் நடத்தினார்கள், அந்த வெட்கம் நம் மாவட்டங்களில் இன்னும் பலருக்கு உண்டு. ஆனால் வாங்குகிறவரைத் திட்டக் கூடாது. வறுமையில் வாங்குகிறவரை மேடையில் இழித்துப் பேசிய நல்லவர்கள் பலர் இங்கே காணாமல் போயிருக்கிறார்கள். நான் கொடுக்க மாட்டேன், நான் யாரிடமும் வாங்கவும் இல்லை, அதனால் எனக்கு முதலாளி நீங்கள் மட்டும்தான். இவ்வளவு போதும்.

---

அடிமனைக் குடி:

குடவாசல் ஐயா சொன்னது எங்கள் கதை. நாங்கள் கோயில் இடத்தில் வீடு கட்டி இருப்பவர்கள். என் மாமியார் கல்யாணம் ஆகி வந்தபோது கூரை வீடு, இப்போது ஓட்டு வீடு. இடம் எங்கள் பெயரில் இல்லாததால் பட்டா கிடையாது, பட்டா இல்லாததால் அரசு வீட்டுத் திட்டத்தில் எங்கள் பெயர் வந்ததே இல்லை. வாடகையை உயர்த்திப் பழைய பாக்கியோடு கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது இரண்டு இரவு தூங்கவில்லை. ஆடிக்குக் கூழ் ஊற்றுவதும் நாங்கள்தான், அந்தக் கோயில் மதில் விழுந்தபோது மண் சுமந்ததும் எங்கள் தெரு ஆட்கள்தான். அந்தச் சாமிக்குச் சேர வேண்டிய பணம் சேர வேண்டாம் என்று நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை.

தம்பி, உங்கள் பெரியப்பாவிடம் இதைக் கேளுங்கள். நியாயமான வாடகை எவ்வளவு என்று எங்களையும் உட்கார வைத்துப் பேசுவாரா? பழைய பாக்கியைத் தவணையில் கட்ட விடச் சொல்வாரா? எங்கள் மாமனார் பெயரிலேயே கிடக்கிற குத்தகைப் பதிவைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்வாரா? பெயர் மாறாததால் பயிர்க் காப்பீடு எழுதப் போனால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்று. ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் எங்கள் தெரு முனையில் வண்டியை நிறுத்தி மைக்கில் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். ஆலத்தித் தட்டைத் தெரு முனைக்கு எடுத்து வரச் சொல்வார்கள். உங்கள் பெரியப்பா தெருவுக்குள் நடந்து வந்து, யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா? பழைய வழக்கத்தை மதிக்கிறவர் என்று சொன்னீர்கள், அதனால்தான் கேட்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மதுக்கடை விஷயத்தில் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அவர் பக்கம். கடை இருக்கிற வழியாகத்தான் பிள்ளைகள் டியூஷன் முடிந்து இருட்டில் வர வேண்டியிருக்கிறது. மூடுவேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள், 500 கடை மூடினோம் என்று கணக்கும் சொல்கிறார்கள். எங்கள் கடை அங்கேயேதான் இருக்கிறது. எந்தக் கடையை, யாரிடம் மனுக் கொடுத்து, கிராமசபையில் என்ன தீர்மானம் போட்டு மூடுவது என்று அவர் வந்து சொல்லட்டும். தீர்மானத்தில் கையெழுத்துப் போட எங்கள் தெருவில் இருந்தே அறுபது பெண்கள் வருவோம்.

---

பூந்தோட்டம் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அப்படியே பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தச் சொல்லாமல் முழுக்கக் கேட்டார். அப்புறம் இளைய பையன்களைக் கூப்பிட்டு, அச்சகத்துக்குக் கொடுத்திருந்த வாசகத்தைத் திரும்ப வாங்கச் சொல்லிவிட்டார்.

தண்ணீர் பற்றிய கேள்விக்கு அவர் சொன்னது இது: முப்பது வருஷம் எல்லாத் தெருப் பிள்ளைகள் வீட்டுக்கும் போய், பிள்ளையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டவன் நான், அந்த வீடுகளில் டீயும் குடித்திருக்கிறேன், அந்த அம்மா எந்த ஊர் என்று கேட்டுச் சொல்லு, முதல் நாள் அங்கே போகலாம். அக்கா, ஊரை இங்கே எழுத வேண்டாம், தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

உறவுக்காரர்கள் சிலருக்கு இதில் வருத்தம். எங்கள் சொந்தத்திலேயே கோயில் குத்தகையைப் பேரில் வைத்துக்கொண்டு உள்குத்தகைக்கு விட்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் நேற்று வீட்டுக்கே வந்து, உள்குத்தகை என்ற சொல்லை மேடையில் எடுத்தால் தன் குடும்பத்து ஓட்டு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா அவருக்குக் காப்பி கொடுத்து, ‘நீ முதலில் பாக்கியைக் கட்டிவிட்டு வா, உன்னையே மேடையில் ஏற்றுகிறேன்’ என்றார். பெரியம்மாவுக்குத்தான் மனக்கஷ்டம். அவர் பிறந்த வீட்டு உறவு அது.

நோட்டீசுக்கு இப்படி எழுதியிருக்கிறோம், பார்த்துச் சொல்லுங்கள்: ‘கோயில் வருமானம் கோயிலுக்கு. உழுகிற குடிக்கு வெளியேற்றம் இல்லை. உள்குத்தகைக்கு முடிவு. குத்தகைப் பதிவு உழுகிறவர் பெயரில்.’

---

குடவாசல் பூத் ஏஜென்ட்:

நன்றாக இருக்கிறது. ‘அடிமனைக்கு நியாய வாடகை, பாக்கிக்குத் தவணை’ என்று ஒரு வரி சேருங்கள். அடிமனை விட்டுப்போனால் வீடு உள்ளவர்கள் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைப்பார்கள். மதுக்கடைக்குத் தனி நோட்டீஸ் போடுங்கள், அதில் அந்தந்த ஊர்க் கடை இருக்கிற இடத்தையே எழுதுங்கள். உறவினர் ஓட்டுப் போனால் போகட்டும்.

ஏஜென்டுகளை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். எல்லாச் சாவடிக்கும் உங்களால் ஆள் போட முடியாது. பெரியப்பாவுக்கு ஓட்டு இருக்கிற ஊர்களிலாவது போடுங்கள். தேர்தல் அன்று வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவுக்கு ஏஜென்ட் அங்கே இருக்க வேண்டும், மாலையில் 17சி படிவத்தின் (அந்தச் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கு) நகல் வாங்காமல் வெளியே வரக் கூடாது. பழைய மாணவர்களில் ஓய்வு பெற்றவர்கள், மளிகைக்கடைக்காரர்கள் இந்த வேலைக்குச் சரியாக வருவார்கள். நாள் முழுக்க ஓரிடத்தில் உட்காரும் பொறுமை அவர்களுக்கு உண்டு.

அரசலாற்றுக்குத் தெற்கே குடவாசல் பக்கத்து ஊர்களுக்கு வருகிற அன்று சொல்லுங்கள், நான் கூட வருகிறேன். வண்டிக்கு அனுமதிச் சீட்டின் அசலைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வாருங்கள். நகல் ஒட்டியிருந்தால் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள்.